பால்கோவா டப்பாவில் இருந்த சிவப்புக் கல் தோடு

பெயர்: மாரீஸ்வரி. வயது: 43. கணவர் பெயர்: சௌந்தரபாண்டியன், ராணுவத்தில் வேலை, தற்போது ராஜஸ்தானில் இருக்கிறார். தொழில்: பால்கோவா கடை. ஊர்: ஸ்ரீவில்லிபுத்தூர்.

கூமாப்பட்டி பொன்னுராஜ் என்பவர் என் மீது கொடுத்த மனுவின் பேரில், புதன்கிழமை காலை காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் அவர்கள் விசாரிக்க நான் கூறியதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். மதுரை பஸ் நிற்கும் இடத்தில் எனக்குக் கடை. எதிரே ஒரு பள்ளிக்கூடம். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை அங்கே வைத்தே நடத்துகிறார்கள். என் ஒரே மகள் பாண்டீஸ்வரி போன வருடம் அங்கேதான் எழுதினாள். உள்ளே நகை போட்டுப் போகக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். தோட்டைக் கழற்றி விட்டோம், மூக்குத்தி மட்டும் வரவில்லை. கேட்டில் வைத்துத் திருகித் திருகி மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் உள்ளே போனாள். நாற்பத்தொரு மதிப்பெண் குறைந்து அந்த வருடம் போயிற்று.

அதன்பின் அவள் மறுபடியும் எழுதுகிறேன் என்றாள். கோச்சிங் சென்டருக்குப் போகவில்லை. கடையிலேயே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். ஞாயிறுதோறும் இரண்டு மணிக்குப் பழைய வினாத்தாளை விரித்தால் ஐந்து மணி வரை எழுந்திருக்க மாட்டாள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். விடைக்கான வட்டங்களைப் பால்கோவா அட்டையின் பின்பக்கம் போட்டு நிரப்புவாள். அந்த மூன்று மணி நேரமும் நான் வாடிக்கையாளர்களிடம் சைகையில்தான் வியாபாரம் பார்த்தேன். சிலர் என்னை ஊமை என்றே நினைத்துப் போயிருக்கிறார்கள்.

இந்த மே மாதம் தேர்வு அன்று, போன வருடம் என் பிள்ளை பட்டது வேறு பிள்ளைகளும் படக் கூடாது என்று கடை வாசலில் தேங்காய் எண்ணெய், சோப்பு, கையில் கட்டிய கயிற்றை அறுக்கக் கத்தரிக்கோல் எல்லாம் வைத்தேன். பஸ்ஸில் தனியாக வந்த பிள்ளைகள் பதினேழு பேர் நகையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொருத்தியின் நகையையும் வெண்ணெய்த் தாளில் மடித்துச் சின்ன டப்பாவில் போட்டேன். ஹால் டிக்கெட்டின் கடைசி நான்கு எண்களை டப்பாவின் அடியில் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளைக்கு வெறும் டப்பாவைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மடித்த தாளை உள்ளே வைத்து மேலே பால்கோவாவை நிரப்பி மூடினேன். ஈ மொய்க்காமல் இருக்க, விற்பனைக் கண்ணாடிப் பெட்டியிலேயே கீழ்த்தட்டில் அடுக்கினேன். என் மகள் உள்ளே போகும்போதே, "எம்மா, டப்பாவ மாத்தி வித்துராத" என்றாள். "எனக்குத் தெரியும், போடி" என்றேன். தெரிந்த லட்சணம் இதுதான்.

அதன்பின் இரண்டு மணிக்குத் தேர்வு தொடங்கியது. பழக்கதோஷத்தில் அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. கண் கடிகாரத்திலேயே இருந்தது. மூன்று மணிக்கு, பாண்டீஸ்வரி இந்நேரம் உயிரியலை முடித்து வேதியியலுக்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மதுரை பஸ் வந்து நின்றது. ஒருவர் இறங்கி ஓடிவந்து மூன்று சின்ன டப்பா கேட்டார். மேல்தட்டில் இரண்டுதான் இருந்தன. கை தானாகக் கீழே போய் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டது. பஸ்ஸும் போய்விட்டது.

அதன்பின் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். எண்ணைப் பார்த்துப் பதினாறு டப்பா கொடுத்தேன். பதினேழாவது எண் 4471, கூமாப்பட்டி மாரிச்செல்வியுடையது. அந்த எண்ணில் டப்பா இல்லை. மூன்று மணி பஸ்ஸுக்குக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நடந்ததை மறைக்காமல் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள், "தோடு கெடக்கட்டும்க்கா. நூத்தி எழுபது கேள்வி போட்டுட்டேன்" என்றாள். செத்த நேரம் கழித்துத்தான் அழுதாள். அது அவள் அம்மா வெள்ளத்தாயின் தோடாம். வெறுங்காதோடு அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் கேட்கவில்லை. என் காதில் கிடந்த வெள்ளைக் கல் தோட்டைக் கழற்றி அவள் காதில் போட்டு பஸ் ஏற்றிவிட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கனமான தோட்டை எடுத்துக்கொண்டு லேசான தோட்டைப் போட்டு அனுப்பிவிட்டேன் என்று மறுநாள் அவள் அப்பா பொன்னுராஜ் மனு கொடுத்தார். தேர்வு அன்று அவருக்கு வயலில் தண்ணீர் முறை என்பதால் மகளுடன் வரவில்லை. மகள் உள்ளதைச் சொல்லியும் அவர் நம்பவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் என் மகள் காதில் யாரோ ஒருத்தியின் தோட்டைப் பார்த்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன்.

நேற்று மாலை என் கடை போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. போன் எண் டப்பா மூடியில் அச்சடித்திருக்கிறது. பேசியவர் இராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கும் குருசாமி. "யம்மா, உங்க பால்கோவாக்குள்ள தோடு கெடக்கு. எங்க அக்கா மகன் கடிச்சிட்டு அழுதுட்டு இருக்கான்" என்றார். மதுரையில் அக்கா வீட்டுக்கு வாங்கிப்போன மூன்றில் இரண்டைத் தின்று முடித்து, மூன்றாவதை நேற்றுத்தான் திறந்திருக்கிறார்கள். டப்பாவின் அடியில் என்ன எண் என்று கேட்டேன். நாலு, நாலு, ஏழு, ஒண்ணு என்றார். நான் கல்லாப்பெட்டிமேல் தலையை வைத்து அழுதேன்.

இன்று காலை குருசாமியே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே டப்பாவோடு சிவப்புக் கல் தோடு ஒரு ஜோடியை இத்துடன் ஒப்படைக்கிறேன். பொன்னுராஜ் பார்த்துத் தன் மனைவியுடையதுதான் என்று சொல்லி, என் தோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா நெனச்சுட்டேன் தாயி" என்றார். மனுவை வாபஸ் வாங்குவதாகவும் சொன்னார். அந்த நேரம் அவர் மகளும் என் மகளும் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து, போனில் விடைகளை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட வேண்டாம் என்று நான் ஏட்டையாவுக்கே சைகை காட்டினேன். இரண்டு பேரும் எண்ணி முடித்து நிமிர்ந்தபோது ஒருத்தி முகத்திலும் அழுகை இல்லை. மதிப்பெண்ணை நான் கேட்கவில்லை. கண்பட்டுவிடும்.

அடுத்த வருடமும் இப்படி நகையை வாங்கி வைப்பீர்களா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். வைப்பேன், இனிப்பைத் தனியாகக் கொடுப்பேன் என்றேன். எத்தனை பிள்ளைகள் வந்தாலும் வாங்கி வைப்பேன். பெஞ்சில் இருக்கிற இந்த இரண்டு பிள்ளைகளின் தோடு மட்டும் இன்னொரு நீட் தேர்வுக்காக ஒருபோதும் என் கைக்கு வரக் கூடாது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது இவ்வளவுதான்.

(ஒப்பம்) சௌ. மாரீஸ்வரி