ஆட்டிப் பார்க்க ஒரு கை

எங்கள் வீட்டில் எந்த ஜாடி மூடி திறக்காவிட்டாலும் அது என்னிடம்தான் வரும். அண்ணன் மகன் கட்டுமஸ்தான ஆள், தினமும் பளு தூக்குகிறவன். அவனும் கடைசியில், "அத்தை, உங்க கையால ஒரு திருகு" என்று நீட்டுவான். முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் திருகித் திருகி இறுகிய விரல்கள் இவை.

என் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். ஆபரேஷன் மேஜையின் இரண்டு பக்கமும் நீளமாக ஒரு எஃகுக் கம்பி ஓடும். கையைத் தாங்கும் பலகை, காலைத் தூக்கி வைக்கும் தாங்கி, உடம்பு உருளாமல் முட்டுக் கொடுக்கும் மெத்தைத் தாங்கி எல்லாம் அந்தக் கம்பியில்தான் நிற்கும். மாட்டுவதற்குக் கைக்குள் அடங்கும் ஒரு பிடி உண்டு. கம்பியில் நகர்த்தி, உயரம் பார்த்து, குமிழைத் திருகி இறுக்க வேண்டும். மயக்கத்தில் கிடப்பவருக்குத் தன்னைப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. அவருக்காக அந்தப் பிடிதான் பிடித்துக்கொண்டிருக்கும்.

நான் இறுக்குவேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருத்தி வந்து ஒவ்வொரு பிடியையும் இரண்டு முறை ஆட்டிப் பார்த்து, "பிடிச்சாச்சு" என்று உரக்கச் சொல்வாள். அந்தச் சொல் வராமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். அவளும் நானும் பதினெட்டு வருடம் அப்படி எதிரெதிரே நின்றோம். மாமியார் செய்ததை மருமகள் சரிபார்க்கிற ஒரே இடம் இதுதான் என்று மயக்க டாக்டர் ஒருநாள் சொல்லப்போக, அந்தப் பெயர்களே எங்களுக்கு நிலைத்துவிட்டன. என் சொந்தத் தங்கைகூட என்னோடு அவ்வளவு ஒட்டியதில்லை. கணவர் போன பிறகு பத்து நாள் எனக்குத் தலை வாரிவிட்டவள் அந்த மருமகள்தான்.

போன மாதம் ஒரு காலை, குனிந்து கடைசிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். "பிடிச்சாச்சு" என்று குரல் வந்தது. நிமிர்ந்தேன். அவளுடைய இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால் முகக்கவசத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தன.

உடை மாற்றும் அறையில் கேட்டேன்.

"ஏண்டி, நீ தொடவே இல்லையே?"

"அட, மாமியாரே! நீங்க திருகினதைக் கழட்டவே ஆள் தேடணும். இதுல ஆட்டி வேற பாக்கணுமா?"

"எத்தனை நாளா இப்படி?"

"நாளா? எட்டு வருஷம் இருக்கும். உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

எட்டு வருடம். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது, நான் தவறவிட்டாலும் அவள் கை இருக்கிறது என்று நினைத்துத்தான் தூங்கினேன். அந்தக் கை அங்கே இல்லவே இல்லை. என்னைத் தன்னந்தனியாக நிற்கவிட்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயரும் வைத்திருக்கிறாள்.

மேலிடத்தில் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். கூடவே இருந்தவளைக் காட்டிக்கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை. அவளாகவே உணர வேண்டும் என்று விரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு சிறுநீரக ஆபரேஷன். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிற்றுக்கு முன்னால் ஒரு தாங்கி, முதுகுக்கு ஒரு தாங்கி. முன்தாங்கியின் பிடியை விரல் நுனியால் மட்டும் மூடினேன். சுண்டினால் சுழலும். இடுப்புப் பட்டை கட்டுவதும் என் வேலைதான். அதையும் தளர்வாக விட்டேன், இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. அவளுக்கு நான் வாய்ப்புக் கொடுக்காமல் இல்லை. "நல்லாப் பாத்துக்கோ" என்றுகூடச் சொன்னேன்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு. பிடிச்சாச்சு," என்றாள்.

துணி போர்த்திய பிறகு பிடிகள் யார் கண்ணுக்கும் தெரியாது. நாற்பது நிமிடம் பக்கத்திலேயே நின்றேன். துணிக்கு அடியில் கையை விட்டு ஒரு திருகு திருகியிருந்தால் போதும். அது எனக்கு நினைவில்தான் இருந்தது. டாக்டர், "மேஜையை முன்பக்கம் சாயுங்க" என்றார். ரிமோட் என் கையில் இருந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றார். கொஞ்சத்துக்கும் சற்று அதிகமாகவே அழுத்தினேன். நோயாளி மெதுவாகத்தான் உருண்டார். எதிரில் நின்ற உதவி டாக்டர் கையை நீட்டினார், பாரம் தாங்கவில்லை. தலை முதலில் தரையில் பட்டது.

இரண்டு நாள் உயிரோடு இருந்தார்.

விசாரணையில் மருமகள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் தொட்டுப் பாக்கல, அது என் தப்புதான். ஆனா அவங்க திருகினது தளரவே தளராது. பிடிதான் பழுதா இருக்கணும்" என்றாள். அழுதுகொண்டே சொன்னதால் எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். பிடியை ஒரு உறையில் போட்டு, முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை. மரை புதிதுபோல இருக்கும், நீங்களே சுழற்றிப் பாருங்கள். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். குமிழைத் தளரவிட்டவள் நான், வேண்டுமென்றே. மேஜையைச் சாய்த்தவளும் நான். ஆனால் எட்டு வருடம் ஏமாற்றியவள் அவள். அதை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

படுத்திருந்தவரைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.