ஒரு சுவர், இரண்டு கறுப்புத் துணிகள்

நாற்காலி ஆடினாலும் நடுநிலை ஆடாத நம் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்துவிட்ட மூத்தோர்களே! மடியில் மழலையும் மனத்தில் கேள்வியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மாடிப்படியில் நின்றே கேட்கும் இளைஞர்களே! குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

ஏன் சிரிக்கிறீர்கள்? தலைவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டது குற்றமா? சரி, சிரியுங்கள். இன்று எனக்கு எதுவுமே விளங்கவில்லை, இது மட்டும் விளங்கிவிடவா போகிறது!

நம் முன்சுவருக்கு வண்ணம் பூசியவர் யார்? என் மனைவி. அந்தச் சுவரைச் சோதிக்க நாம் அழைத்தவர் யார்? பெயின்ட் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா. இருவருக்கும் நடுவே நின்று விழிப்பவன் யார்? இந்தப் பாவி!

வெயிலும் மழையும் மாறி மாறி வாட்டினால் பெயின்டின் பிடிப்பு போய்விடும், மேலே நிறம் மாவாய் உதிரும். அதை அறிய, வெள்ளைச் சுவரில் கறுப்புத் துணியை அழுத்தித் தேய்த்து, ஒட்டிய மாவை அளவுப் படங்களோடு ஒப்பிட வேண்டும். அக்கா வந்தாள். சுவரில் பென்சிலால் வட்டம் போட்டாள். தேய்த்தாள். துணி முழுக்க வெள்ளை!

“அளவுப் படத்துலயே ரொம்ப மோசமான கடைசிப் படம்டா இது. சுவர் தேறாது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாலையில் என் மனைவி வந்தாள். “நல்ல இடமாப் பாத்துத் தேச்சேன்னு யாரும் சொல்லிடக் கூடாது. அண்ணி போட்ட அதே வட்டத்துல தேய்க்கிறேன், பாருங்க,” என்றாள். தேய்த்தாள். துணியில் தூசுகூட இல்லை!

அதே சுவர், அதே வட்டம், அதே கறுப்புத் துணி! அக்கா பொய் சொல்வாளா? மாட்டாள். மனைவி பொய் சொல்வாளா? மாட்டவே மாட்டாள். அப்படியென்றால் சுவர் பொய் சொல்கிறதா? “உங்க அக்காவுக்கு என்மேல என்ன கோபம்?” என்கிறாள் இவள். “உன் பொண்டாட்டி துணியை மாத்திட்டாடா,” என்கிறாள் அவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இருவரில் யார் பொய்யர் என்று நான் இந்த மேடையில் சொல்ல வேண்டுமாம்! எப்படிச் சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்? தலை சுற்றி, கூட்டம் தொடங்கும் முன் அந்த வட்டத்தின் மேலேயே சாய்ந்து நின்றுவிட்டு வந்தவன் நான்!

என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள்.

“தம்பி, கறுப்புக் கோட்டு முதுகெல்லாம் ஒரே வெள்ளை! நடுவுல மட்டும் வட்டமா கறுப்பு!”

இருங்கள், கழற்றிப் பார்க்கிறேன். ஐயோ! ஆமாம்! சுற்றிலும் மாவு, நடுவில் சுத்தம்! வட்டத்தில் மட்டும் ஏன் மாவில்லை? அங்கே இருந்ததை... அங்கே இருந்ததை அக்காவின் துணி முதலிலேயே துடைத்து எடுத்துவிட்டது! துடைத்த இடத்தில் இவள் தேய்த்தால் என்ன வரும்?

அதோ, அக்காவே எழுந்துவிட்டாள். “அடியே, வட்டத்துக்குள்ளயா தேச்ச? பக்கத்துலல்ல தேய்க்கணும்! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்கதான் பேசவே இல்லையே, அண்ணி!”

கேட்டீர்களா? நேர்மைக்காக அதே இடத்தில் தேய்த்தவளையோ, உள்ளதை உள்ளபடி சொன்ன அக்காவையோ, ஒரு முழத் துணியை நம்பிப் பொய்யர் என்று நான் சொல்லவிருந்தேனே! ஒரே ஒரு கேள்வி, ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் போதாதா? மற்றவர்களைச் சொல்வானேன், நானாவது கேட்டேனா?

என் மனைவி என்னமோ சொல்கிறாள். “என்னங்க, சுவர் உதிருதுதான். எழுதிக்குங்க. சுரண்டிட்டு நானே திரும்பப் பூசுறேன். அண்ணி பக்கத்துல நின்னு பாக்கட்டும்.”

அக்கா தலையாட்டுகிறாள். தன் நாற்காலியை இவள் பக்கம் நகர்த்துகிறாள். தீர்மானம் நிறைவேறியது!

என் குழப்பத்தைப் பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், என் முதுகைப் படித்துச் சொன்ன தாய்க்கும் நன்றி. இந்தக் கோட்டைத் துவைக்காமல் அப்படியே மறுபடி மாட்டிக்கொள்கிறேன். தலைவருக்கு நன்றி சொல்ல அவர் பக்கம் திரும்பப் போகிறேன், இந்த முறை தாராளமாகச் சிரியுங்கள். வணக்கம்!