ஏர்லிங் அண்ணன் படகு வழக்கு

நீங்களே சொல்லுங்க ஏர்லிங் அண்ணே, போன வருசம் வரைக்கும் என் வீட்டுக்கு வந்து இந்தச் சின்னப் பயலப் பாத்துக்கிட்டு, அடுப்புல சோத்தத் தீயவிட்டுட்டுப் போன பொண்ணு, இப்ப கறுப்பு அங்கி மாட்டிக்கிட்டு மேல உக்காந்து, "மேடம், கொஞ்சம் அமைதியா இருங்க"ன்னு என்னையப் பாத்துச் சொன்னா எப்படி இருக்கும்? டெஸ்ஸாவத்தான் சொல்றேன். பதினாறு வயசு. அவதான் நீதிபதியாம்.

நீங்க பாட்டுக்கு வலையத் தையுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டுப் போறேன். அந்த ஊசிய மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க, இந்தப் பய கையில எது கெடச்சாலும் வாயிலதான் வைப்பான்.

அன்னிக்கி, பிள்ளைங்க தப்ப பிள்ளைங்களே விசாரிக்கிற அந்தக் கோர்ட்டுக்கு நீங்க வரல. வந்திருக்கணும். வக்கீலு பிள்ளைங்க, எதிர் வக்கீலும் பிள்ளைங்க, தீர்ப்புச் சொல்ற ஆறு பேரும் பிள்ளைங்க. ஒருத்தன் பல்லுல கம்பி. பெரியவங்கன்னு பாத்தா ஓரமா ஒரு வாத்தியாரம்மா, அவங்களும் வாயே தொறக்கல. பெத்தவங்க பின்னால உக்காரலாம், பேசக் கூடாதாம். நான் என்ன பேசிட்டேன்? என் மகளப் பாத்து, "ஜோவெலின், நிமிந்து உக்காருடி"ன்னேன். அது ஒரு தடவை. "அவளுக்குக் காலையில இருந்து வயித்துவலி"ன்னேன். அது ரெண்டு. மூணாவது எனக்கு ஞாபகமில்ல. வாசல்ல நின்ன பய வந்து, "இன்னொரு தடவை பேசினா வெளிய போகணும் ஆன்ட்டி"ங்கறான். அவன் மொதமொத ஹாலிபட் மீன் பிடிச்சப்ப அதச் சுத்தம் பண்ணிக் குடுத்தவ நான். பதினோரு வருசமா மீன் ஆலையில கத்தி பிடிச்ச கை இது.

உங்க படக எடுத்ததுக்குத் தண்டனை என்னன்னு கேளுங்க. துறைமுகத்த இருபத்தி நாலு மணி நேரம் கூட்டணும். உங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதணும். அப்புறம் அடுத்து வர்ற மூணு வழக்குல இவளும் அந்த ஆறு பேருல ஒருத்தியா உக்காரணும். தப்புப் பண்ணினவளையே அடுத்தவன் தப்புக்குத் தீர்ப்புச் சொல்ல உக்கார வைக்கிற ஊரு இது ஒண்ணுதான் அண்ணே. ஒரு வழக்கு முடிச்சிட்டு வந்தா. அன்னிக்கி ராத்திரிச் சாப்பாட்டுல நான் அவ தம்பிய அதட்டினா, "அவன் பக்கத்தயும் கேளும்மா"ங்கறா. இந்த மூணு வயசுப் பயலுக்கு என்ன பக்கம்? சுவத்துல கெட்ச்சப் பூசிட்டு நிக்கிறான்.

சரி, விசயத்துக்கு வர்றேன். கூட்டி முடிச்சிட்டா. துறைமுகக்காரரே கையெழுத்துப் போட்டுட்டாரு. கடிதந்தான் வம்பு. உங்ககிட்டக் குடுக்கறதுக்கு முன்னால அந்தப் பிள்ளைங்க படிச்சுப் பாப்பாங்களாம். டெஸ்ஸா படிச்சா, பல்லுக்கம்பி படிச்சான், ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "ஜோவெலின், இது நீ எழுதினதா?" இவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. "'எங்கள் வளர்ப்புக்கு ஏற்பட்ட இழுக்கு'ன்னு பதினாலு வயசுல யாரு எழுதுவா?"ங்கறான் அந்தப் பய. எல்லாரும் திரும்பி என்னையப் பாக்கறாங்க. ரெண்டு பக்கம் அண்ணே, ராத்திரி முழிச்சு எழுதிக் குடுத்து, அவள உக்காரவச்சுப் பாத்து எழுத வச்சேன். கல்லுங்கூடக் கரையும், அப்படி ஒரு கடிதம்.

கடிதம் செல்லாதுன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவளே நேர்ல வந்து, அவ வாயால உங்ககிட்டச் சொல்லணும். நீங்க கேட்டேன்னு கையெழுத்துப் போடணும். இல்லன்னா காயிதம் திரும்ப அரசாங்க அதிகாரிக்குப் போயிரும், அவ பேருல படகு திருடினான்னு பதிவு நிக்கும். இதயும் மிச்சம் ரெண்டு வழக்கயும் முடிச்சுக் குடுத்துட்டா ஒண்ணுமே இல்ல, பேரு சுத்தம். இன்னிக்கி வெள்ளிக்கிழமை. அதான் வந்தேன்.

அவளும் ஒண்ணு எழுதியிருந்தா. மொதல்ல. அஞ்சே வரி. நான்தான் எடுத்துக் கிழிச்சுப்புட்டேன்.

ஏன்னு கேக்கமாட்டீங்க, நீங்க எதத்தான் கேட்டிருக்கீங்க. அந்த அஞ்சு வரியில மூணாவது வரி, "அம்மா சொன்னாங்க, ஆனா எடுத்தது நான்தான்."

ஆமா. நான்தான் சொன்னேன். இந்த வருசம் அக்கரைத் தீவுல சால்மன்பெர்ரிப் பழம் கொத்துக் கொத்தாக் காய்ச்சிருந்துச்சு. எங்க படக அவ அப்பா எடுத்துட்டு மீனுக்குப் போயிட்டாரு. எனக்கு ஜாம் காய்ச்சணும். "ஏர்லிங் அண்ணன் படகு சும்மாத்தானடி கெடக்கு, எடுத்துட்டுப் போயிட்டு வா, அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு"ன்னேன். பெட்ரோல் தீந்துபோயி, படகு பாறையில மோதி, மீட்புப் படகு போயி இழுத்துட்டு வர்ற வரைக்கும் நான் சக்கரை அளந்துக்கிட்டு இருக்கேன். நீங்க படகக் காணலன்னு புகார் குடுத்ததுல தப்பே இல்ல. யாரு எடுத்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்னிக்கி அந்த எதிர் வக்கீல் பொண்ணு கேட்டா அண்ணே, "உன்னைய யாராவது எடுக்கச் சொன்னாங்களா?"ன்னு. இவ என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. "இல்ல, நானா எடுத்தேன்"னா. மூணு தடவை அதட்டு வாங்கியும் அடங்காத வாய் இது. அப்ப மட்டும் கம்முனு இருந்துச்சு.

ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பாத்தேன். வேற என்ன.

இப்பத்தான் அந்த வாத்தியாரம்மாகிட்டயும் போயி எல்லாத்தயும் சொல்லிட்டு வர்றேன். அவங்க சிரிக்கல, அதான் கஷ்டமா இருந்துச்சு.

அவ உங்க கொட்டகைக்கு வெளிய, படகுக் கயிறு கட்டுற கட்டைகிட்ட நிக்கிறா. காயிதம் கொண்டு வரல, மனசுல வச்சிருக்கா. என்ன சொல்லப்போறேன்னு கேட்டேன், சொல்லமாட்டேங்கறா. "நீ உள்ள இருந்தா எனக்குப் பேச்சு வராதும்மா, நீ இவனத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிரு"ங்கறா. பெத்தவளயே வெளிய போகச் சொல்றா. போறேன். மீன் ஐஸ்பெட்டிகிட்ட நிக்கிறேன், அங்க நின்னா ஒண்ணும் காதுல விழாது.

ஒண்ணே ஒண்ணு அண்ணே. அந்த அஞ்சு வரியத்தான் சொல்லுவான்னு நெனக்கிறேன். மூணாவது வரி வரும்போது பாவம்னு நெனச்சு, "பரவால்ல விடும்மா"ன்னு குறுக்க சொல்லிறாதீங்க. அவள முழுசாச் சொல்ல விடுங்க.