இடிக்கப்படணும்

தாராவியிலிருந்து மாஹிம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது.

"என்னட்டி சொல்லுத? நம்ம வீட்ட நாமளே இடிக்கணுமா?"

தாய் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மகள் செல்போனை நீட்டினாள். அவர்கள் வீட்டுக் கதவில் காலையில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் நோட்டீஸின் படம்.

"நாம இல்லம்மா. 'டு பி டெமாலிஷ்ட்'னு போட்டிருக்கு. இடிக்கப்படணும்னு அர்த்தம்."

"படணுமா? அப்ப யாரு இடிப்பா?"

"அது போடலம்மா. இங்கிலீஷ்ல இப்படி எழுதுனா ஆளு யாருன்னு சொல்ல வேண்டாம்."

"கையெழுத்துப் போட்ட ஆபீசர் சாப் பேராவது இருக்கும்லா?"

"கீழ வெறுங்கோடுதான் இருக்கு. 'டு பி சைன்ட்'னு போட்டிருக்கு. கையெழுத்தும் இனிமேதான் போடப்படணும்."

தாய் போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்கள் தெரிந்தன.

"அடப்பாவி! இடிக்கிறவன் பேரச் சொல்ல இங்கிலீஷ்ல வழியில்ல. நம்ம வீட்டு நம்பர மட்டும் தப்பில்லாம எழுதியிருக்கான் பாத்தியா!"