நிறுத்தினால் மறுபடி தொடங்கு

அக்கா, எனக்கு இதுவரை பல்வலி வந்ததே இல்லை. அதனால் அத்தானின் கிளினிக் வாசலில் உட்கார்ந்து நோயாளிகளை உள்ளே அனுப்புவது எனக்குச் சலிப்பாகவே இருந்தது. நீ வாங்கிக் கொடுத்த வேலை என்று பொறுத்துக்கொண்டேன்.

நான் கவிச்சூறாவளி என்ற பெயரில் கவிதை எழுதுவது உனக்குத் தெரியும். வாசிக்க ஆரம்பித்தால் உனக்கு அடுப்பில் ஏதோ கருகும். அத்தானுக்கு போன் வரும். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கிளினிக்கில் ஒன்றைக் கவனித்தேன். பல் பார்க்கும் நாற்காலியில் சாய்ந்தவர்கள் பாதியில் எழுந்து போவதில்லை. வாய் திறந்தே இருப்பதால் குறுக்கே பேசுவதும் இல்லை.

எக்ஸ்ரே பார்க்க அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா? அதற்குள் நம் கண்ணில் படாமல் சில புரோகிராம்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஃபைல் உண்டு. சர்வீஸ் ஃபைல் என்பார்கள். எதை ஓட்டுவது, எப்போது தொடங்குவது, நின்றுபோனால் என்ன செய்வது என்று சில வரிகள், அவ்வளவுதான். படித்துப் பார்த்தேன், புரிந்தது. நானும் ஒன்று எழுதினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் கவிதையை வாசி. சத்தத்தைக் குறைத்தால் ஏற்று. நிறுத்தினால் மறுபடி தொடங்கு. பிரிண்டருக்கு உதவும் சர்வீஸ் மாதிரி ஒரு பெயர் வைத்தேன். என் குரல் தெரிந்துவிடும் என்று கம்ப்யூட்டர் குரலையே வாசிக்க விட்டேன். கவிதையை வைத்து என்னைக் கண்டுபிடிக்க வழியில்லை; நீங்கள் இருவரும் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை.

அத்தான் நிறுத்திப் பார்த்தார். கவிதை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. கம்ப்யூட்டரை அணைத்தால் எக்ஸ்ரே கிடையாது. ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, “இது சிஸ்டம் ஃபைல் சார். கை வெச்சா மொத்தமா படுத்துடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தபால்காரர் பல்லைச் சுத்தம் செய்யத்தான் வந்தார். முழு மயக்கம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். தையல்கார அம்மா, ஊசி போட்டு மரத்துப்போகும்வரை காத்திருக்க முடியாது, அப்படியே பிடுங்குங்கள் என்றார். அத்தான் பிடுங்கினார். பஸ் டிரைவர் தேம்பித் தேம்பி அழுதார். அத்தானின் விரலைக் கடித்ததும் அவர்தான். உணர்ச்சிவசப்பட்டிருந்தார், பாவம்.

பிறகு அத்தான் வேறொரு ரிப்பேர்காரப் பெண்ணைக் கூட்டி வந்தார். ஃபைலின் பெயரைப் பார்த்து அவள் ஏமாறவில்லை, திறந்தே படித்தாள். அதில் விவரம் என்று ஒரு வரி உண்டு. காலியாக விட எனக்கு மனம் வரவில்லை.

“கவிச்சூறாவளின்னு போட்டிருக்கு. யாரு டாக்டர் அது?” என்று கேட்டாள்.

அத்தான் கட்டுப்போட்ட விரலோடு என் பக்கம் திரும்பினார். உடனே உனக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆமாம் அக்கா, ஃபைலை எழுதியது நான்தான். அந்த அம்மாவின் பல்லுக்கும் அத்தானின் விரலுக்கும் நான்தான் பொறுப்பு. கிளினிக்குக்கு இப்போது யாரும் வருவதில்லை என்கிறாய். அதற்கு மட்டும் நான் என்ன செய்ய முடியும்? நல்ல கவிதைக்கு என்றைக்குமே கூட்டம் சேர்ந்ததில்லை.