ஹனான் பக்கத்தில் ஒரு பிழை

அந்த நாற்காலி வேணாம் சார், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க, இப்பதான் துடைச்சேன். ஆமா, நான்தான். ஹனான் பக்கம் எழுதினது நான்தான், இல்லைன்னு சொல்லல. ஹெட் ஆபீஸ்லருந்து விசாரிக்க ஆள் வருவார்னு மேனேஜர் காலையிலேயே சொல்லிட்டார். சொல்லிட்டு அவர் லீவு போட்டுட்டார்.

இல்ல சார், சுத்தி வளைக்கல. எங்க வேலை எப்படி நடக்குதுன்னு தெரியாம அந்த ஒரு பக்கத்த மட்டும் பாத்தீங்கன்னா நான் கிறுக்கன் மாதிரித்தான் தெரிவேன். அதனால முதல்லருந்து சொல்றேன். ரெண்டே நிமிஷம். சரி, அஞ்சு வெச்சுக்கோங்க.

இது குழந்தைப் பேர் சைட். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாப்பது பேர் எழுதணும். ஒவ்வொரு பேருக்கும் ஆறு கட்டம். அர்த்தம், எந்த மொழி, ராசி எண், ராசி நிறம், குணம், பிரபலம். அர்த்தமும் மொழியும் அகராதியப் பாத்துதான் போடறேன், அதுல விளையாடறதில்ல. ராசி எண்ணா? அன்னிக்கு என்ன தேதியோ அதக் கூட்டிப் போட வேண்டியது. இருபத்தஞ்சுன்னா ஏழு. அன்னிக்கு எழுதின நாப்பது பேருக்கும் ஏழுதான். இதுவரைக்கும் ஒருத்தர்கூட கண்டுபிடிக்கல. நிறம் வந்து, எனக்கு எதிர் சீட்டுல ஒருத்தர் இருக்கார், அவர் அன்னிக்குப் போட்டுட்டு வர்ற சட்டை. அவர்கிட்ட மொத்தமே மூணு சட்டைதான். டீ குடிக்கப் போயிருக்கார், வந்தா சொல்லிடாதீங்க.

குணத்துக்குப் பன்னெண்டு பத்தி தயாரா இருக்கு. மாத்தி மாத்தி ஒட்டிக்கிட்டே போகணும். பன்னெண்டுலயும் தலைமைப் பண்பு உண்டு, அது முதலாளி உத்தரவு. தலைமைப் பண்பு இல்லாத பேர எந்த அம்மா வைப்பாங்கன்னு கேட்டார். நியாயம்தான். நம்ம சைட்டப் பாத்துப் பேர் வெச்ச பிள்ளைங்க எல்லாம் தலைவரா ஆயிட்டா வேலைய யார் செய்யறதுன்னு நான் கேட்டேன். எழுதுய்யான்னுட்டார்.

ஹனானுக்குத்தான் வர்றேன் சார். அது அரபுப் பேர். பெண் குழந்தைக்கு வெக்கறது. பரிவு, பாசம், மனசு இளகறதுன்னு அர்த்தம். பெரிய அகராதி ஒண்ணு இருக்கு, தூக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும். அதுல இந்தச் சொல்லோட வேரப் பாத்தா, குட்டியப் பிரிஞ்ச தாய் ஒட்டகம் குட்டி இருக்கற பக்கமா திரும்பி ஒரு சத்தம் போடுமாம். அந்தச் சத்தத்துக்கும் இதே வேர்தான். ஏக்கம்ங்கறதுக்கு அவங்க சொல்ற சொல்லும் இதுலருந்துதான் வருது. இவ்வளவும் பக்கத்துல போட்டிருக்கேன். அதுல ஒரு பிழை காட்டுங்க, இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன். இங்க வர்றதுக்கு முன்னாடி இருபத்திரண்டு வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன் சார் நான். அடுத்தவங்க எழுதினதுல தப்புக் கண்டுபிடிச்சே குடும்பம் நடத்தினேன்.

ராசி எண்ணா, ஹனானுக்கா? ஆமா, அது மட்டும் அன்னிக்குத் தேதி இல்ல. வேற ஒரு தேதி. நீங்க நல்லாத்தான் பாக்கறீங்க.

பிரபலத்துலதான் என் தப்பு. அத நானே ஒத்துக்கறேன். அரபு பேசற நாடுகள்ல ஹனான்ங்கற பேர் நிறைய பேருக்கு இருக்கு. ஆனா நம்ம சைட்டுல பிரபலம்னா அந்தக் கணக்கு இல்ல. எந்தப் பக்கத்த எத்தனை தடவ திறந்தாங்கன்னு கம்ப்யூட்டர் எண்ணும், அவ்வளவுதான். ஹனான் முன்னூத்திச் சொச்சத்துல எங்கயோ கிடந்தது. நான் ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவ திறந்து பாப்பேன், கீழ யாராச்சும் ஏதாச்சும் எழுதியிருக்காங்களான்னு. கம்ப்யூட்டர் அதையும் சேத்து எண்ணிடுச்சு. எனக்கு அது உறைக்கவே இல்ல சார். ஒரு வருஷத்துல பேர் மேல ஏறி முதல் பக்கத்துக்கே வந்துடுச்சு. முதல் பக்கத்துல பாத்ததும் ஜனங்க நிஜமாவே திறக்க ஆரம்பிச்சாங்க. இப்ப ஆறாவது இடம். பிரபலமான பேர்னு நம்பி முப்பத்தோரு குழந்தைக்கு வெச்சும் ஆச்சு, அவங்களே எழுதியிருக்காங்க. வெச்ச பேரத் திரும்ப வாங்க முடியுமா? நல்ல பேர்தான். அந்தக் குழந்தைங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல.

குணம். ஆமா, அதுக்குத்தான வந்திருக்கீங்க. நீங்களே படிங்க, நான் கேக்கறேன்.

உணவில் உப்பு குறைந்தால் சொல்ல மாட்டார்கள், எழுந்துபோய் எடுத்துக்கொள்வார்கள். ஆமா, நான் எழுதினதுதான்.

விளக்கு எரிந்தால்தான் தூங்குவார்கள். இதுல என்ன சார் தப்பு? கீழ பாருங்க, பதினோரு அம்மாக்கள் எங்க வீட்டுலயும் இப்படித்தான்னு எழுதியிருக்காங்க. தலைமைப் பண்புக்கு இதுவரைக்கும் ஒருத்தர் அப்படி எழுதினதுண்டா?

இவர்களுக்கு வரும் கடிதத்தைப் பிறர் பிரிக்கக் கூடாது. இது ஒரு குணமான்னு கேக்கறீங்க. பிரிச்சுப் பாருங்க, குணம் தெரியும்.

அடுத்தது. இவர்களுடைய தந்தையர் அவசரக்காரர்கள், பின்னர் வருந்துவார்கள். ம். இல்ல சார், உலகத்துல இருக்கற அத்தனை ஹனானோட அப்பாவையும் எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தரத் தெரியும். அவர் அப்படித்தான்.

கடைசி வரி இருக்கட்டும், அத விடுங்க. டீ சொல்லட்டுமா? வேணாமா. சரி.

நான் ஒண்ணு கேக்கறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தப் பத்தி முழுக்க அழிச்சிட்டு ஏழாம் நம்பர் பத்திய ஒட்டிட்டுப் போகணும்னுதான உங்களுக்கு உத்தரவு? என்ன வேணா பண்ணுங்க, என்னைய வேலைய விட்டே அனுப்புங்க, நான் வாய் திறக்க மாட்டேன். அந்தப் பக்கத்த மட்டும் அப்படியே விட்டுடுங்க. அத ஒருத்தங்க படிக்கணும். படிச்சாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எத்தனை தடவன்னு கம்ப்யூட்டர் சொல்லும், யாருன்னு சொல்லாது. இன்னிக்கு நீங்க அழிச்சிட்டுப் போய், நாளைக்கு அவங்க முதல் முதலா வந்து திறந்தாங்கன்னு வைங்க. என்ன இருக்கும் அங்க? தலைமைப் பண்பு இருக்கும்.

உங்க வேலைய நான் குறை சொல்லல சார். கம்ப்ளெய்ண்ட் வந்தா நீங்க வந்துதான ஆகணும். யார் குடுத்தது? பேர் போடலையா? எப்ப வந்தது? முந்தாநாள். நான் பாக்கலாமா? தப்பில்லன்னா காட்டுங்க. இருங்க, கண்ணாடி இங்கதான வெச்சேன்.

உங்கள் தளத்தில் ஹனான் என்ற பெயருக்கான குணம் பகுதியின் கடைசி வரியில், இவர்கள் தந்தையை மறந்துவிடுவார்கள் என்று உள்ளது. இது தகவல் பிழை. திருத்தவும்.

அவ்வளவுதானா? பின்பக்கம் ஏதாச்சும் இருக்கா? இல்ல. ஒண்ணுமில்ல.

இல்ல சார், இன்னொரு தடவ படிச்சுக்கறேன், குடுங்க. உப்பப் பத்தி ஒண்ணும் சொல்லல. விளக்குக்கும் ஆட்சேபணை இல்ல. கடிதம் பிரிக்கறது அப்படியே இருக்கு. அப்பன் அவசரக்காரன்ங்கறது, அது சரின்னு விட்டுட்டா. கடைசி வரி மட்டும்தான் தப்புங்கறா.

யாரா? என் பொண்ணு சார். அவ பேர்தான் அது.

நாலு வருஷம் ஆச்சு. தூரத்து ஊர்லருந்து அவள வேலைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. அவ குளிச்சிக்கிட்டிருந்தா, நான் பிரிச்சிட்டேன். அவ்வளவு தூரம் எதுக்குன்னு தோணிச்சு. வர இயலாதுன்னு அவ பேர்லயே ஒரு பதில் எழுதி, பிழை பாத்து, தபால்ல சேத்துட்டு வந்து சாப்பிட்டேன். அவ ஒரு மாசம் வாசல்ல நின்னு தபால்காரர எதிர்பாத்தா சார். நானும் பக்கத்துல நின்னேன். இன்னிக்கு வரும் பாருன்னு வேற சொன்னேன். அப்புறம் அவளே அங்க போன் பண்ணிக் கேட்டுட்டா. கேட்டுட்டு, பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. அவ அம்மாகிட்ட பேசுவா. நான் எடுத்தா வெச்சிடுவா. நான் எழுதின கடிதம் எல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்துச்சு, அதுவும் சரிதான். அப்பா இந்த மாதிரி ஒரு சைட்டுல எழுதறார், உன் பேர்கூட இருக்குன்னு அவ அம்மா ஒரு தடவ சொன்னாளாம். ம்னு மட்டும் சொல்லியிருக்கா. அந்த ஒரு ம் என்ன ம்னு ஒரு வருஷமா உக்காந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

தண்ணி வேணாம் சார், நான் நல்லாத்தான் இருக்கேன். ரிப்போர்ட் எழுதுங்க. கம்ப்ளெய்ண்ட் நியாயமானது, எழுதினவர் தப்ப ஒத்துக்கிட்டார்னு போடுங்க. கையெழுத்து எங்க வேணுமோ போட்டுத் தர்றேன். ஏழாம் நம்பர் பத்தியெல்லாம் வேணாம், அவ அதக் கேக்கல. கொஞ்சம் நாற்காலியத் தள்ளிக்கோங்க, அந்தக் கடைசி வரிய மட்டும் நான் எடுத்துடறேன். முந்தாநாளே அனுப்பியிருக்கா. திருத்தியாச்சான்னு திறந்து திறந்து பாத்துக்கிட்டிருப்பா.