கூடுதல் எண்ணெய்

டீ நன்றாக இருந்தது ஐயா, சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல். கேட்டீர்கள், சொல்கிறேன்.

நான் பட்டறை மெக்கானிக்காக இருந்த விளையாட்டு மைதானத்தில் டிராக்டர் ஓட்டியவர் என் தங்கையின் கணவர். மகா அறிவாளி. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் புல்வெட்டியின் கியர்பாக்ஸ் அரைமணி நேரத்தில் அடுப்பாய்க் கொதித்தது. மாப்பிள்ளை வண்டியைச் சரிவில் நிறுத்தி எண்ணெய் அளவு பார்த்தார். குறைவாகத்தானே தெரியும்? ஊற்றினார். கூடுதல் எண்ணெய் நுரைத்துச் சூடேறி, சீல் வழியாகக் கசிந்தது. கசிவதைப் பார்த்து, ஐயோ குறைகிறதே என்று மறுபடி ஊற்றினார். கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பரிவு.

"எண்ணெய் ஜாஸ்தி மாப்பிள்ளை. சமதளத்துல நிறுத்திப் பாருங்க," என்றேன்.

"முப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்சா மூளையும் துருப்பிடிச்சிருமா மச்சான்?" என்றார்.

பட்டறைக் கொட்டகையே சிரித்தது. சாப்பாடு கொண்டுவந்த என் தங்கையும் சிரித்தாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து பட்டறையையும் அவரே பாத்துக்கட்டும். நீங்க வீட்டுல ஓய்வெடுங்க பெரியவரே," என்றார் மேனேஜர்.

எனக்குக் கோபமே வராது. வீட்டில் விசாரித்துப் பாருங்கள். புல்வெட்டியைச் சுழற்றும் ஷாஃப்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. மறுநாள் காலை அதைக் கழற்றிக் கழுவப் போட்டேன். அழுக்கு. சுத்தம் குற்றமா?

"ஓடும்போதே தொட்டுப் பாத்தாத்தான் சூடு எங்கேருந்து வருதுன்னு தெரியும்," என்றேன். என் வாழ்நாளில் அந்த ஒரு யோசனையைத்தான் மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் ஏற்றார். முழுக்கைச் சட்டை, பொத்தான் போடாத மணிக்கட்டு. கவனித்தேன். மடித்துவிடச் சொல்ல வாய்வரை வந்தது. அறிவாளிக்கு நான் யார் புத்தி சொல்ல?

சுழலும் ஷாஃப்டுக்கு ஒரு நூல் நுனி போதும். நான் நடந்துபோய்த்தான் டிராக்டரை அணைத்தேன். ஓடினால் முழங்கால் வலிக்கும்.

அவரை எடுத்துக் கிடத்திய பிறகு, வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து கியர்பாக்ஸின் அளவு மூடியைத் திறந்தேன். எண்ணெய் கொட்டியது, வாளி பாதி நிறைந்தது. "வந்து பாருங்க," என்று எல்லாரையும் கூப்பிட்டேன். தங்கை மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் திரும்பவில்லை. மனிதர்களுக்கு வேலையில் அக்கறையே போய்விட்டது ஐயா.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோளாறைக் கண்டுபிடித்ததும் நான்தான். அதை முதல் வரியில் போடுங்கள்.